யாழ்ப்பாணத்தில் இருந்து செய்மதி பார்த்தால் என்ன தெரியும்?

கோப்பாயில் இருந்து ஒரு வாசகர், 2026 ஜனவரி 21

அக்கா, லண்டனில் இருக்கிற மச்சான் ஒரே இரவில் விண்வெளி நிலையத்தை நாலு தரம் கண்டவராம். நான் போனும் கையுமாக ஒரு கிழமையாக முற்றத்தில் நிக்கிறன். ஒருக்காத்தான் கண்டது, அதுவும் பனைக்குப் பின்னால போட்டுது. செய்மதி பாக்க யாழ்ப்பாணம் சரிவராத இடம் எண்டுதான் நினைக்கிறன். நல்ல தொலைநோக்கி ஒண்டு வாங்கினால் நிலைமை மாறுமோ?

ஜனவரி 21, இரவு

மாறாது தம்பி. தொலைநோக்கியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதுவரை காசைச் செலவழிக்க வேண்டாம்.

மச்சான் சொன்னது உண்மைதான். லண்டன் 51.5 பாகை வடக்கில் இருக்கிறது. நிலையத்தின் பாதை பூமத்திய கோட்டுக்கு 51.6 பாகை சரிந்தது. அது வடக்கே ஏறிப் பிறகு தெற்கே திரும்புகிற வளைவு லண்டன்காரரின் தலைக்கு மேலேயே விழுகிறது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்போது அடுத்தடுத்த நாலைந்து சுற்று அந்த வளைவை ஒட்டியே போகும். நாங்கள் 9.7 பாகையில் இருக்கிறோம். இங்கே அது வானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி ஏறக்குறைய 23 பாகை கிழக்கே சுழன்றுவிடும். எங்கள் அகலக்கோட்டில் அது 2,500 கிலோமீற்றர். அடுத்த சுற்று அரபிக் கடலுக்கு மேலே போய்விடும். அதனால் ஒரு மாலையில் உருப்படியாக ஒரு வரவுதான்.

இன்னொன்று வெளிச்சம். செய்மதிக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. எங்களுக்கு இருட்டியிருக்க வேண்டும், 400 கிலோமீற்றர் மேலே இன்னும் வெயில் அடிக்க வேண்டும். ஜூன் மாதம் லண்டனில் நடுச்சாமத்திலும் சூரியன் அடிவானத்துக்கு 15 பாகை அளவுதான் கீழே இருக்கும். நிலையம் இரவு முழுக்க வெயிலில் ஓடும். இங்கே சூரியன் நேரே கீழே இறங்குகிறது. மறைந்து ஏறக்குறைய 80 நிமிடத்தில் தலைக்கு மேலே வருகிற நிலையமும் நிழலுக்குள் போய்விடும். மாலையில் அந்த 80 நிமிடம், விடியப்புறம் அதே அளவு. எங்களுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

அதற்குள்ளும் தினமும் வராது. பாதைத் தளம் மெல்ல மேற்கே திரும்புவதால் வரவு நாளுக்கு ஏறக்குறைய 24 நிமிடம் முந்துகிறது. ஒரு கிழமை நல்லாகத் தெரியும், பிறகு கிழமைக்கணக்கில் காணக் கிடைக்காது. நீர் நின்ற கிழமை எது என்பதைப் பொறுத்தது.

ஆனால் "சரிவராத இடம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜனவரி 22

பனை மறைக்கிறது என்றால் வளவை விட்டு வெளியே வாரும். கோப்பாயில் இருந்து செம்மணி வெளி கிட்டத்தான். எங்கள் வடமராட்சிப் பக்கத்தில் மணற்காட்டு மணல்மேட்டில் ஏறினால் கிழக்கும் வடக்கும் அடிவானம் வரை துப்புரவாகத் தெரியும். நுளம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போகவும்.

பொங்கலுக்கு ஏத்திய பட்டங்கள் இன்னும் சில நிற்கின்றன. லைற் கட்டி இரவிரவாக விட்டுவிடுகிறார்கள். வல்வெட்டித்துறைப் பக்கம் ஆடி ஆடி ஒரு வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றால் அது செய்மதி இல்லை, பட்டத்தில் கட்டிய விண் (காற்றில் ஒலிக்கும் நாண்) கூவுகிறதா என்று காது கொடுத்துக் கேளும்.

ஜனவரி 25

சரி, லண்டன் மச்சானுக்குத் தெரியாதது என்ன?

ஹபிள் விண்தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் ஏவியது. பாதைச் சரிவு 28.5 பாகை, உயரம் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். வடக்கே 28.5 பாகையைத் தாண்டாது. லண்டனில் அது எந்த நாளும் அடிவானத்துக்கு மேலே எழும்பாது. ரொறன்ரோவில் தெற்கு அடிவானத்தோடு ஒட்டி, எட்டுப் பாகை அளவில், கட்டடங்களுக்குப் பின்னால் போகும். எங்களுக்கோ உச்சியிலேயே வரும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்று இடம் பெயர்வது மாதிரித் துடிப்பில்லாமல் மேற்கிலிருந்து கிழக்கே போகும். உலகம் முழுக்கப் பார்த்து வியந்த அத்தனை படங்களை எடுத்த கருவி, எங்கள் முற்றத்துக்கு மேலே, வெறுங்கண்ணுக்கு. நான் அதை முதலில் அடையாளம் கண்ட மாலையில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வெளியே எடுத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அது பூமியின் நிழலுக்குள் போய்விட்டது.

அடுத்தது இந்தியாவின் அஸ்ட்ரோசாற் என்ற வானியல் செய்மதி. 2015 செப்டம்பர் 28 ஏவியது. 650 கிலோமீற்றர் உயரம், சரிவு வெறும் 6 பாகை. அதாவது பூமத்திய கோட்டை ஒட்டியே சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகான ஒன்று கிடைக்கும்: அது ஒவ்வொரு சுற்றிலும், ஒன்று தவறாமல், எங்கள் தெற்கு வானத்தைக் கடக்கிறது. 11 பாகைக்குக் கீழே இறங்காது, 55 பாகைக்கு மேலே ஏறாது. ஏறக்குறைய 105 நிமிடத்துக்கு ஒருமுறை. அதில் மாலையில் ஒன்று, விடிய ஒன்று வெளிச்சத்தில் அகப்படும். வெறுங்கண்ணுக்கு மங்கல், பைனாகுலர் வேண்டும். 2024 புதுவருட நாளில் ஏவிய எக்ஸ்போசாற்றும் அதே வழிதான். இந்த இரண்டையும் ஐரோப்பாவில் ஒருத்தரும் காண மாட்டார்கள்.

சீனர்களின் தியாங்கோங் நிலையத்துக்குச் சரிவு 41.5. அதுவும் எங்களுக்கு உச்சியில் வரும். துருவத்துக்குத் துருவம் ஓடுபவை எல்லோருக்கும் பொது. ஆக, பூமத்திய கோட்டை ஒட்டியதில் தொடங்கித் துருவத்தில் முடிகிற எல்லாச் சரிவும் எங்கள் வானத்தால் போகிறது. குறைவாகத் தெரியும், ஆனால் எல்லா வகையும் தெரியும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன்.

ஜனவரி 28

தொலைநோக்கி.

கடைகளில் 76 மில்லிமீற்றர் கண்ணாடி போட்ட ஒரு சாதி விற்கிறது. பெட்டியில் "675 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நானும் ஒன்று வாங்கினேன், கடையின் பெயர் வேண்டாம். 76 மில்லிமீற்றர் கண்ணாடி தாங்கக்கூடியது 150 மடங்கு மட்டில்தான். அதற்கு மேலே போனால் பெரிய மங்கல் ஒன்றைத்தான் காண்பீர். கால் மெல்லிசு, காற்று அடித்தால் நடுங்கும்.

அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. உச்சியில் போகும்போது நிலையம் செக்கனுக்கு ஒரு பாகைக்கு மேலே நகர்கிறது. முழுநிலவின் அகலம் அரைப் பாகை. தொலைநோக்கியில் ஐம்பது மடங்கு வைத்தால் தெரிகிற வட்டம் ஒரு பாகை அளவு. உள்ளே வந்த செக்கனிலேயே வெளியே போய்விடும்.

10×50 அல்லது 7×50 பைனாகுலர் ஒன்று போதும். ஆறேழு பாகை வட்டம், கையால் பின்தொடரலாம். அதுவும் இல்லாவிட்டால் பாயும் ஒரு நல்ல கடிகாரமும். கடிகாரம் இல்லாமல் மட்டும் வர வேண்டாம்.

பெப்ரவரி 2

"கடிகாரம் எதுக்கு? வரும் நேரத்தைத்தான் செயலியே சொல்லுதே" என்று அல்வாயில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

செயலிக்கு அந்த நேரம் எங்கிருந்து வந்தது? யாரோ அளந்ததால் வந்தது. ராடர் வைத்திருப்பவர்கள் அளக்கிறார்கள். ஆனால் வெறுங்கண்ணும் நிறுத்தற் கடிகாரமும் வைத்து அளந்து, ராணுவங்கள் பட்டியலில் போடாத செய்மதிகளின் பாதையைக் கணித்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். முறை எளிது. செய்மதி வரப்போகும் வழியில் நெருக்கமான இரண்டு நட்சத்திரத்தைத் தெரிவு செய்யும். அந்த இரண்டையும் இணைக்கிற கோட்டை அது வெட்டும் கணத்தில் கடிகாரத்தை அழுத்தும். எந்த நட்சத்திரங்கள், எந்த இடத்தில் வெட்டியது (நடுவிலா, மூன்றில் ஒரு பங்கிலா), எத்தனை மணி எத்தனை செக்கன். இவ்வளவுதான் ஒரு அவதானிப்பு. பத்தில் ஒரு செக்கன் பிசகினால் செய்மதி முக்கால் கிலோமீற்றர் தள்ளிப்போகும். கை பழகப் பழக அந்தப் பிசகு குறையும்.

அமெரிக்காவில் பிரெட் விப்பிள் என்ற வானியலாளர் 1956இலேயே இதற்காகப் பொதுமக்களைத் திரட்டத் தொடங்கினார், மூன்வாச் என்று பெயர். அடுத்த வருடம் ஒக்டோபர் 4 ஸ்புட்னிக் போனபோது ஆட்கள் தயாராக இருந்தார்கள். ஸ்புட்னிக்கின் குறுக்களவு 58 சென்ரிமீற்றர்தான். சனங்கள் வெறுங்கண்ணால் பார்த்தது பெரும்பாலும் அதை ஏற்றிப்போன ராக்கெட்டின் உடலை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்தின் கெற்றரிங் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம். ஜெப்ரி பெரி என்ற பௌதிக ஆசிரியரும் பொடியளும் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு சோவியத் செய்மதிகளின் ஒலியைக் கேட்டு நேரம் குறித்து வந்தார்கள். 1966இல் கொஸ்மொஸ் 112 என்ற செய்மதி வழக்கமான தளத்தில் இருந்து போனதாகக் கணக்கு ஒத்துவரவில்லை. பின்னால் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்து, பிளெசெற்ஸ்க் என்ற இடத்தில் சோவியத் சத்தமில்லாமல் ஒரு ஏவுதளம் வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்கள் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் பள்ளிக்கூடங்களில் இதற்கு வேண்டிய எது இல்லை? பௌதிக ஆசிரியர் இருக்கிறார், பொடியள் இருக்கிறார்கள், மணிக்கூடு எல்லோர் கையிலும் இருக்கிறது. நான் கணித ரியூசன் எடுக்கிற பிள்ளைகளுக்குத் திரிகோணகணிதத்தை இப்போது இதை வைத்துத்தான் தொடங்குகிறேன்.

பெப்ரவரி 7

நேற்று விடியப்புறம் தொடக்கம் ஒரே கேள்வி: "வானத்தில் வரிசையாக முத்து மாலை மாதிரிப் போச்சே, அது என்ன?"

ஸ்ரார்லிங்க், இணையம் தருகிற செய்மதிகள். ஒரே ராக்கெட்டில் பல செய்மதிகளை விடுவார்கள். முதல் சில நாட்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஓடும், பிறகு மெல்ல மேலே ஏறிப் பிரிந்துவிடும். முதல் தொகுதி 2019 மே மாதம், 60 செய்மதி. இப்போது ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. போன வருடம் ஜூலையில் இலங்கையிலும் அவர்களின் சேவை தொடங்கிவிட்டது.

இதில் எனக்கு மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. தீவுப்பகுதிப் பிள்ளைக்கு இணையம் கிடைப்பதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வானியலாளர்களின் படங்களில் கோடு கோடாக விழுவதும், இருண்ட வானத்தை ஒரு சில கம்பனிகள் யாரையும் கேட்காமல் நிரப்புவதும் சரியில்லை. அவற்றின் பெரும்பகுதி 53 பாகைச் சரிவில் ஓடுவதால் நெருக்கம் அந்த அகலக்கோட்டில்தான் கூட. எங்கள் வானத்தில் ஒப்பிட்டால் குறைவு. இங்கேயும் மச்சானைவிட நாங்கள் பரவாயில்லை.

இன்னொருவர் இலங்கையின் ராவணா 1 செய்மதி கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. அது பத்துச் சென்ரிமீற்றர்ப் பெட்டி, ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. 2019 ஜூனில் விண்வெளி நிலையத்தில் இருந்து விட்டார்கள், 2021இல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

பெப்ரவரி 12

"விமானத்துக்கும் செய்மதிக்கும் வித்தியாசம் எப்படி?" என்ற கேள்விக்கு நேரான பதில்: விமானத்துக்குச் சிவப்பும் பச்சையும் இருக்கும், வெட்டி வெட்டி மின்னும், கொஞ்சம் பொறுத்தால் சத்தமும் வரும். செய்மதி ஒரே நிறம், சத்தம் இல்லை, நிழலுக்குள் போகும்போது சில செக்கனில் மங்கி நடுவானத்திலேயே இல்லாமல் போகும். ஒழுங்கான இடைவெளியில் மின்னி மின்னிப் போவதும் உண்டு. அது அநேகமாகச் செத்த ராக்கெட்டின் உடல், புரண்டுகொண்டு போகிறது.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் வேறு விதமாகப் படிந்தது. 90களில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்கிற விலையில் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்தோம். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினால்தான் ரேடியோவில் செய்தி. வானம் என்றால் அப்படி ஒரு இருட்டு. இன்று நான் மணற்காடு வரை போய்த் தேடுகிற வானம் அன்று கோடிப்புறத்திலேயே இருந்தது. அதில் ஒரு வெளிச்சம் நகர்ந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். "சத்தமில்லாமல் போனால் சற்றலைற், படு" என்பார் அம்மா. நாங்கள் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்போம். சத்தம் வராத வெளிச்சம் ஒன்று வானத்தின் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் போய் முடிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பது அப்போது பெரிய நிம்மதி. நான் இதில் விழுந்தது அங்கேதான். பின்னாளில் வேவு விமானம், வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா விமானம் என்றெல்லாம் வந்தபோது அம்மாவின் அந்தப் பிரமாணமும் காணாமல் போனது.

இதைக் கேட்ட பிள்ளைக்கு வயது பதினைந்து. அவருக்குச் சிவப்பு, பச்சை என்ற பதில் போதும்.

பெப்ரவரி 16

சிவராத்திரி முழிப்பைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். சிவராத்திரி எப்போதும் அமாவாசைக்கு முதல் வருவது, நிலவு இல்லை, ஊரே முழித்திருக்கும். கோயில் வெளிவீதியில் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்தார்கள்.

ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நிறையக் கண்டோம். வடக்குத் தெற்காக ஓடுவதுதான் கூட. எட்டரைக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்து, மேற்கே மட்டும் ஒன்றிரண்டு. இரண்டாம் சாமப் பூசை முடிந்து வந்து படுத்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பொடியன் "செய்மதிகளும் நித்திரையோ" என்று கேட்டான். நல்ல கேள்வி. மண்ணில் ஒரு வட்டம் கீறி, ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிழல் என்று காட்டினேன். பெப்ரவரி நடுவில் நள்ளிரவுக்குச் சூரியன் எங்கள் காலுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, 87 பாகையில் இருக்கும். பூமியின் நிழல் அப்போது எங்கள் உச்சியில் குத்தென நிற்கிறது. தாழப் பறக்கிற எதுவும் அதற்குள் தப்ப முடியாது. ஐந்து மணிக்குப் பிறகு கிழக்கே திரும்பவும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது.

பூமியின் நிழலைக் கிரகணத்தன்று சந்திரனில்தான் காணலாம் என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் நினைப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் செய்மதிகள் எங்கே அணைகின்றன என்று விரலால் காட்டிக் காட்டி, நிழலின் விளிம்பு மேற்கே இறங்குவதைத் தாங்களே கண்டார்கள்.

பெப்ரவரி 19

காரைநகர் ஐயா ஒருவர் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை நினைவுபடுத்தியிருக்கிறார். 1979 ஜூலை. "விழப்போகுது எண்டு சனம் அந்தரப்பட்டது" என்கிறார். அப்பாவும் சொல்லுவார். அதன் பாதைச் சரிவு 50 பாகை, எங்களுக்கு மேலாலும் போனது, ஆகவே அந்தப் பயம் முற்றாக வீண் இல்லை. கடைசியில் ஜூலை 11 மேற்கு அவுஸ்திரேலியாவில் சிதறியது.

இலங்கைக்கு உண்மையிலேயே கிட்ட வந்தது 2015இல். நவம்பர் 13 காலை பதினொன்றே முக்கால் தாண்டி, தென்கரைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் அப்பால் ஒரு பழைய விண்குப்பை எரிந்து விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அது விழும் நாளையும் நேரத்தையும் வானியலாளர்கள் கிழமைக்கணக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தாழச் சுற்றுவதற்கு அப்படிச் சொல்ல முடியாது, வளிமண்டலம் அதை எப்போது இழுக்கும் என்பது மணித்தியாலக்கணக்கில் பிசகும். இது சந்திரனுக்கும் அப்பால் வரை நீண்ட பாதையில் வந்ததால் கணக்கு இறுக்கமாக அமைந்தது.

பெப்ரவரி 24

ராக்கெட் ஏவுவது இங்கிருந்து தெரியுமா என்று மூன்று பேர். தெரியும், கடற்கரையில் நின்றால். இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு நேர் வடக்கே 450 கிலோமீற்றர். ராக்கெட் நூறு கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறும்போது எங்கள் வடக்கு அடிவானத்தில் பத்துப் பாகை அளவில் இருக்கும். பருத்தித்துறைக் கரையில் மறைப்பு இல்லை. ஆனால் பனிப்புகாரும் கடல் முகிலும் அந்தப் பத்துப் பாகையைத்தான் முதலில் மூடும், அதையும் யோசித்துப் போகவும்.

ஒன்று கவனியுங்கள். துருவப் பாதைக்குப் போகிற பிஎஸ்எல்வி ராக்கெட் நேரே தெற்கே போக வேண்டியது. நேரே தெற்கே நாங்கள் இருக்கிறோம். எரிந்த பாகங்கள் இலங்கையில் விழக்கூடாது என்று முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு, ஏற்றுகிற எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அடிக்கல் நாட்டியதற்கு முக்கியமான காரணம் இதுதான். அங்கிருந்து நேரே தெற்கே போகலாம். வேலை முடிந்து ஏவத் தொடங்கினால் எங்களுக்குத் தென்மேற்கே ஒரு புது வாசல் திறக்கும், அப்போது பார்க்கிற இடம் தீவுப்பகுதியாக மாறும்.

மார்ச் 4

தொலைநோக்கி வேண்டாம் என்று ஜனவரி 28இல் எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்ல மார்ச் வரட்டும் என்று காத்திருந்தேன்.

35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் எங்களுக்கு அசையாமல் நிற்கும். இப்படி மூன்றை வைத்து உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதிக் காட்டிய ஆர்தர் சி. கிளார்க் 1956 தொடக்கம் சாகும்வரை இலங்கையில்தான் வாழ்ந்தார். ஊரெல்லாம் கூரையில் நிற்கிற டிஷ்களைப் பாருங்கள். குளிர்நாட்டில் அவை அடிவானத்தைப் பார்த்து நிற்கும். எங்களுடையவை மேலே அண்ணாந்து நிற்கின்றன, ஏனென்றால் அந்த வளையம் எங்கள் உச்சிக்குத் தெற்கே 11 பாகை மட்டில்தான் போகிறது.

நட்சத்திரங்களுக்கு நடுவே அது எங்கே? கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகிற கோடு) தெற்கே 1.7 பாகை. ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்தில் நடுவில் இருப்பது 1.2 பாகை தெற்கு, கீழே இருப்பது 1.9 பாகை தெற்கு. வளையம் அந்த இரண்டுக்கும் இடையால் போகிறது! லண்டனில் அது நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏழு பாகைக்கும் கூட. எங்களுக்குத்தான் இடுப்புப் பட்டியிலேயே விழுகிறது. ஆகவே தேடுகிற வேலை இல்லை. இந்த மாதம் இருட்டியதும் ஓரியன் உச்சியை ஒட்டி நிற்கும், பக்கத்தில் மிதுனத்தில் வியாழன் பளிச்சென்று இருக்கும்.

இப்போது தொலைநோக்கிக்கு வருகிறேன். அந்த 76 மில்லிமீற்றர்க் குழாயை ஓரியன் இடுப்பில் நடு நட்சத்திரத்துக்குச் சற்றுக் கீழே திருப்பி, இறுக்கிவிட்டு, கையை எடுத்துவிடும். நட்சத்திரங்கள் மேற்கே நழுவிப் போகும். நழுவாமல் ஒரு புள்ளி நின்றால், அதுதான். மிக மங்கல், கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும். தாழப் போகிறவற்றுக்கு உதவாத அதே மொக்கைக் கால் இங்கே சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

மார்ச் 17

முக்கியமான கிழமை இது. சூரியனும் இப்போது நடுக்கோட்டுக்குத் தெற்கே 1.7 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் பகலில் நண்பகலுக்குக் கிட்ட டிஷ்காரருக்குச் சில நிமிடம் படம் குழம்பும், செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வந்து இரைச்சலைக் கொட்டுகிறது. டிஷ் பழுது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம். செப்டம்பர் கடைசியிலும் இது நடக்கும்.

அதே கேத்திரகணிதம் இரவில் எங்களுக்கு உதவுகிறது. நள்ளிரவை ஒட்டி, நிழலுக்குள் போவதற்குச் சற்று முன்னும் வெளியே வந்த பின்னும், அந்தச் செய்மதிகளின் சூரியத் தகடுகள் வெளிச்சத்தை நேரே எங்கள் பக்கம் திருப்புகின்றன. வழக்கமாகத் தொலைநோக்கிக்கே தண்ணி காட்டுவது, சில நிமிடம் பைனாகுலருக்கும் அகப்படும். பார்க்க வேண்டியது கன்னி ராசியில், சித்திரை நட்சத்திரத்துக்கு மேலே, காமா என்று எழுதுகிற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். அதுவும் 1.5 பாகை தெற்கில் இருப்பதால் நல்ல அடையாளம். பைனாகுலரைக் கையில் பிடிக்காமல் கதிரைச் சாய்மானத்தில் கட்டிவிடவும்.

நேற்றுப் பதினொன்றரைக்குப் பிறகு நான் கண்டேன். ஒன்று மெல்லப் பிரகாசித்து, நட்சத்திரங்கள் அதைத் தாண்டிப் போகப் போக அசையாமல் நின்று, பிறகு ஒரு நிமிடத்துக்குள் அணைந்து போனது. நிழலுக்குள் போய்விட்டது. ஏறக்குறைய 70 நிமிடம் உள்ளே இருக்கும். வெளியே வருவதைக் காண முகில் விடவில்லை. கோப்பாய்த் தம்பி, நீர் கடைசியில் அந்தத் தொலைநோக்கியை வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர். இந்தக் கிழமை அதை வெளியே எடும்.

மார்ச் 20

நெடுந்தீவில் இருந்து ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் ஆறேழு பிள்ளைகள் தயாராம். இதற்குத்தான் காத்திருந்தேன்.

பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். விண்வெளி நிலையம் 420 கிலோமீற்றர் உயரத்தில் உச்சியை ஒட்டிப் போனால் இரண்டு இடத்துக்காரருக்கும் அது நட்சத்திரங்களுக்கு நடுவே 9 பாகை அளவு தள்ளித் தெரியும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் பத்துப் பாகை, ஆகவே இது வெறுங்கண்ணுக்கே பிடிபடுகிற வித்தியாசம். இரண்டு பக்கக் குறிப்பையும் வைத்து ஒரு முக்கோணம் கீறினால் உயரம் வந்துவிடும். பதினொராம் வகுப்புக் கணிதம்.

வரவைத் தெரிவு செய்வதில் ஒரு நுணுக்கம். எங்கள் இரண்டு இடங்களும் வடகிழக்குத் தென்மேற்காக அமைந்திருக்கின்றன. நிலையமும் தென்மேற்கில் இருந்து வடகிழக்கே போனால் வித்தியாசம் அதன் பாதையோடேயே விழுந்து நேரப் பிசகோடு கலந்துவிடும். வடமேற்கில் இருந்து தென்கிழக்கே இறங்குகிற வரவுதான் வேண்டும், அப்போது பாதையே ஒரு பக்கமாக விலகித் தெரியும். அப்படி ஒரு வரவு வரும்வரை பொறுப்போம்.

நெடுந்தீவுக்காரர் அனுப்ப வேண்டியது: எந்த இரண்டு நட்சத்திரத்துக்கு இடையால் போனது, எந்தப் பங்கில் வெட்டியது, நேரம் செக்கன் வரை. போனின் நேரம் தானாகச் சரிசெய்யும்படி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருத்த வேண்டாம், பிசகியதும் எனக்கு வேண்டும். வடமராட்சியில் நாங்கள் மூன்று பேர் நிற்போம். சாவகச்சேரியில் இருந்து ஒருவர் சேர்ந்தால் இடைத்தூரத்தையும் சரிபார்க்கலாம், ஆருக்கு வசதி?